மூன்றாம் மாடி வயலின்

2009 மே 23, சனிக்கிழமை. வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்தேன். தேநீர் வைத்துக் குடித்தபடி, முதல் நாள் நாட்குறிப்பில் விட்டுப்போயிருந்த இரண்டு வரிகளை எழுதி முடித்தேன். ஏழு மணிக்குக் காரைக் கழுவினேன். மழை பெய்யாத சனிக்கிழமைகளில் அது என் வேலை. பிறகு தமிழ்க் கடைக்குப் போய் முருங்கைக்காயும் இடியப்ப மாவும் வாங்கினேன். கடையில் எப்போதும் போட்டிருக்கும் சினிமாப் பாட்டு இல்லை. கல்லாவில் நின்றவர் மீதியைத் தந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வாரம் முழுவதும் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் தமிழர் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள்.

வீடு திரும்பியபோது மனைவி நிலக்கீழறையில் பாயில் இருந்தாள். வயலின் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. சனிக்கிழமை காலையில் பிள்ளைகள் அவளிடம் வயலின் பழக வருவார்கள். அந்த வாரம் வகுப்பு இல்லை என்று அவளே எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். ஆனால் அன்று மாலை அவள் ஒரு மேடையில் வாசிக்க வேண்டியிருந்தது. வாசிப்பாளா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அவளுக்கும் அப்போது தெரிந்திருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இலங்கையில் போர் அந்தத் திங்கட்கிழமை முடிந்திருந்தது. என் மனைவிக்கு உடன்பிறப்பு என்று இருந்தவன் ஒரே ஒரு தம்பி. வன்னியில் பள்ளிக்கூட ஆசிரியர். அந்த வருடத் தொடக்கத்தில் ஒருமுறை தொலைபேசியில் பேசினான். சுகமாக இருப்பதாகவும், இடம் மாறிப் போவதாகவும், போய்ச் சேர்ந்ததும் எடுப்பதாகவும் சொன்னான். அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. இதை எழுதும் இன்றும் எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவள் வாசிக்க வேண்டியிருந்த மேடை ஓர் எகிப்தியருடையது.

அவரை என்னவென்று அறிமுகப்படுத்துவது என்பது எனக்கு எப்போதும் சிக்கல். ஊத் என்ற, முதுகு உருண்ட, கழுத்து குட்டையான நரம்பு வாத்தியம் வாசிப்பார். அரபு மொழியில் கவிதை எழுதுவார். அந்தக் கவிதையைத் துணியில் தூரிகையால் வரைவார். வரைந்த துணியையே திரையாகக் கட்டி, அதற்கு முன்னால் நின்று நாடகம்போல் நடிப்பார். இசைக்காரர்கள் அவரைக் கவிஞர் என்றார்கள். கவிஞர்கள் அவரை ஓவியர் என்றார்கள். ஓவியர்கள், அவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர் என்றார்கள். அதுவும் உண்மைதான். வயிற்றுக்கு அந்த வேலை செய்தார். என் மனைவி முதலில் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டதும், "உங்கட எகிப்துக்காரருக்கு எத்தினை வேலை? ஒண்டையெண்டாலும் முடிச்சிட்டு மற்றதைத் தொடங்கச் சொல்லுங்கோ" என்றாள்.

அவரை நான் சந்தித்தது பிறம்ரனில், நான் வேலை செய்யும் மருந்துக் களஞ்சியத்தில். அங்கே இருப்புக் கணக்கு என் பொறுப்பு. ஒரு பனிக்காலத்தில் அடுக்குவரிசைகளின் எண்களைச் சுவரில் புதிதாக எழுத ஆள் அனுப்பினார்கள். வந்தவர் ஏணியில் ஏறி நின்று தூரிகையைப் பிடித்தபடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எண்ணுகிறாரா என்று கேட்டேன். இல்லை, கவிதை சொல்கிறேன் என்றார். ஒரு வரியை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும், அந்த மூச்சு முடிவதற்குள் எழுத்தும் முடிய வேண்டும், அப்போதுதான் எழுத்து நடுங்காது என்று விளக்கினார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அளவு நாடாவை எடுத்து இரண்டு எண்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தேன்.

"சரியாக இருக்கிறதா, பிறதர்?" என்றார், திரும்பாமலே.

மதியம் ஒன்றாகச் சாப்பிட்டோம். அவர் பெரிய அவரை விதையை மசித்து எலுமிச்சை பிழிந்து ரொட்டியோடு கொண்டு வந்திருந்தார். என் புட்டில் பாதியை வாங்கிக்கொண்டார். பேச்சுவாக்கில் என் மனைவி வயலின் வாசிப்பாள் என்றேன்.

"நின்றா, இருந்தா?"

"நிலத்தில் இருந்து."

ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார். "நிலத்தில் இருந்து என்றால், வயலினின் தலை எங்கே இருக்கும்?"

காலில் என்று சொல்லி என் வலது கணுக்காலைக் காட்டினேன். அடுத்த ஞாயிறே எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஊத், மற்றக் கையில் ஒரு பெட்டி இனிப்பு.

மனைவி முதலில் அவ்வளவாக முகம் கொடுக்கவில்லை. வடை சுட்டு வைத்துவிட்டு, "நான் இருபது வருசமாப் பிள்ளையளுக்குத்தான் சொல்லிக் குடுக்கிறன். மேடைக்கெல்லாம் இனி ஏலாது" என்றாள். அவர் எதுவும் கேட்கவில்லை. பாயில், அவளுடைய பாதத்துக்கு எதிரே, சின்னப் பிள்ளைபோல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவள் சுருதி கூட்டினாள். நான்கு தந்திகளையும் அவள் கூட்டி முடித்ததும் அவர் சத்தமாகச் சிரித்தார். வெள்ளைக்காரர் வயலினைக் கூட்டும் முறை வேறு, தன் ஊர் வயலின்காரர்கள் கூட்டும் முறையும் இதேதான் என்றார். ஊத்தை எடுத்து அவளுடைய சட்ஜமத்தைத் தொட்டார். பிறகு, இந்தச் சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அவள் விரலைத் தூக்காமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெதுவாக இழுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று பின்னேரம் அவர் போனபிறகு, "ஆள் பரவாயில்லை. காதிருக்கு" என்றாள் மனைவி. அவள் யாரையும் அதற்குமேல் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

அதிலிருந்து வியாழன்தோறும் ஒத்திகை. அவர் இருந்தது ரெக்ஸ்டேலில் ஓர் அடுக்குமாடியில். நான் பிறம்ரனில் வேலை முடித்து ஸ்காபரோ வந்து அவளை ஏற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்ப மேற்கே ஓட வேண்டும். "பிறம்ரனிலை இருந்து ரெக்ஸ்டேல் கூப்பிடு தூரம். என்னாலை ரொறன்ரோவை ரெண்டுதரம் அளக்கிறியள்" என்று அவள் ஒவ்வொரு வியாழனும் சொல்வாள். ஆனால் நான் வரும்போது வயலினோடு வாசலில் நிற்பாள்.

அவருடைய அறையில் சுவரே தெரியாது. எங்கும் துணி தொங்கும். அவர் இசையை எழுதி வைப்பதில்லை, வரைந்து வைத்திருந்தார். மூன்று வருடமாகச் செய்துகொண்டிருந்த அந்த ஆக்கம், அவர் பிறந்த கெய்ரோ நகரத்து வீட்டுக் கட்டடத்தின் படம். கீழிருந்து மேலே ஒரு மாடிப்படி. ஒவ்வொரு மாடிக்கும் ஒரு கவிதை, ஒரு ஓசை. தரைத்தளத்தில் எரிவாயு உருளை விற்கிறவன் இரும்புத் திருகியால் உருளையில் தட்டித் தன் வரவை அறிவிப்பான். முதல் மாடியில் தையல் இயந்திரம். இரண்டாம் மாடியில் சண்டை போட்டுக்கொள்ளும் இரண்டு சகோதரர்கள். மூன்றாம் மாடியில் ஒரு சிவப்புக் கோடு மட்டும் இருந்தது.

"மூன்றாம் மாடி நீங்கள், மேடம்" என்றார்.

மூன்றாம் மாடியில் இருந்தவர் அவருடைய அத்தை. 1967 போருக்குப் போன அவரது ஒரே மகன் திரும்பி வரவில்லை. செய்தியும் வரவில்லை. அந்த ஊர்க் கட்டடங்களில் பெண்கள் பலகணியிலிருந்து கயிற்றில் கூடை இறக்குவார்களாம். கீழே நிற்பவர்கள் அதில் ரொட்டியை வைத்தால் மேலே இழுத்துக்கொள்வார்கள். அப்போது சின்னப் பையனாக இருந்த இவர்தான் அத்தைக்கு ரொட்டி வைப்பவர். அத்தை ஒரு நாளும் ஒரு ரொட்டி கேட்கவில்லை. எப்போதும் இரண்டு. சாவு விழுந்த வீட்டில் நாற்பது நாளைக்கு வானொலி போடமாட்டார்கள். வருகிறவர்களுக்குச் சீனி போடாத கசப்புக் கோப்பிதான் கொடுப்பார்கள். அயலவர்கள் தாங்களாகவே கறுப்பு உடுத்துத் துக்கம் கேட்க வந்தபோது, அத்தை வானொலியை ஜன்னலில் வைத்து முழுச் சத்தத்தில் திருப்பிவிட்டு, கல்யாண வீட்டில் கொடுக்கும் சிவப்புச் சர்பத்தை அவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தாராம்.

மனைவி இதைக் கேட்டுவிட்டு, அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தபடி வில்லை எடுத்தாள். மெல்லத் தொடங்கினாள். எந்தத் தமிழ் வீட்டில் கேட்டாலும் உடனே அழுகை வரக்கூடிய ஒரு ராகம்.

அவர் கையை உயர்த்தினார். "இல்லை, மேடம். அத்தை அழவில்லை. கீழ்வீட்டுக்காரர்கள்தான் அழுதார்கள். நீங்கள் வாசிக்க வேண்டியது அந்த வானொலி. சந்தோஷமாக இருக்க வேண்டும். தெருமுனை வரை கேட்க வேண்டும்."

"பிறகு அந்த மகன் வந்தாரா?" என்று நான் கேட்டேன்.

"அது கவிதையில் இல்லை" என்றார்.

பல வியாழன்கள் எடுத்தது. அவள் தனக்கு விளங்கும்படி சுரங்களைத் தமிழில் ஒரு தாளில் எழுதி அந்தப் படத்தின் கீழ் ஒட்டினாள். அவர் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "இது நடனமாடுகிறது" என்று 'கூ'வைக் காட்டிச் சொன்னார். அது சுரம் அல்ல, 'கூட்டவும்' என்று அவள் தனக்கு எழுதிய குறிப்பு. அவள் சிரித்துச் சிரித்து இருமினாள். அடுத்த வியாழன் போனபோது 'ச', 'ரி', 'க', 'ம' எல்லாவற்றையும் தூரிகையால் எழுதிப் பழகி வைத்திருந்தார். 'ரி'யில் மட்டும் மேல்வளைவு கொஞ்சம் கூடிவிட்டது.

சித்திரை மாதம் வந்தபோது எங்களுக்கு ஒத்திகை தவிர மற்ற நேரமெல்லாம் தொலைக்காட்சியும் தொலைபேசியும் ஆகிவிட்டன. மனைவி வேலைவிட்டு வந்ததும் தெருவுக்குப் போய், போரை நிறுத்தச் சொல்லிப் பதாகை பிடித்து நிற்கிற சனத்தோடு நின்றாள். வியாழனில் மட்டும் ரெக்ஸ்டேல். பிறகு அந்தத் திங்கள் வந்தது. இங்கே விக்ரோறியா நாள் விடுமுறை. நாள் முழுக்கத் தொலைக்காட்சிக்கு முன் இருந்தோம். பின்னேரம் அடுத்த தெருப் பிள்ளைகள் விடுமுறைக்காகப் பட்டாசு கொளுத்தத் தொடங்கினார்கள். மனைவி எழுந்து போய் ஜன்னல் சீலைகளை இழுத்து மூடினாள்.

அடுத்த நாள் அண்ணை தொலைபேசி எடுத்தார். மனைவியின் பெரியம்மாவின் மகன் அவர், அவர்களுடைய ஊர்ச் சங்கத்தின் தலைவர். ஞாயிறு பின்னேரம் பள்ளி மண்டபம் ஒன்றில் ஊரவர்களுக்கு அஞ்சலி வைப்பதாகச் சொன்னார். இறந்தவர்களின் படங்களைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாலை போட்டு வைக்கிறார்கள். தம்பியின் படம் ஒன்று தன்னிடம் இருக்கிறது, அதையும் போடக் கொடுத்துவிட்டேன் என்றார். மனைவி தொலைபேசியை வைத்துவிட்டு என்னிடம் அதைச் சொன்னாள்.

எங்கள் வழக்கமும் கெய்ரோ வழக்கமும் இதில் ஒன்றுதான். செத்த வீட்டில் துடக்கு என்ற தீட்டு. முப்பத்தோராம் நாள் கழியும்வரை பாட்டில்லை, கச்சேரி இல்லை. அந்த வாரம் ரொறன்ரோவில் தமிழ் வீடு எல்லாமே செத்த வீடு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அரங்கேற்றங்கள் தள்ளிப் போயின. கல்யாணங்கள் மேளம் இல்லாமல் கோயிலில் நடந்தன.

வியாழன் ரெக்ஸ்டேலுக்குப் போனோம். வாசிக்க முடியாது என்று சொல்லத்தான் அவள் வருகிறாள் என்று நான் எண்ணியிருந்தேன். அவர் கதவைத் திறந்தார். உள்ளே அரபுத் தொலைக்காட்சியில், போர் முடிந்த எங்கள் கடற்கரை ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினார். ஊத் உறைக்குள் இழுத்து மூடியபடி மூலையில் நின்றது. கண்ணாடிக் குவளைகளில் கறுப்புத் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

"உங்கள் வீட்டில் இந்த வாரம் இசை இருக்கக் கூடாது. எனக்குத் தெரியும்" என்றார். "சனிக்கிழமை மூன்றாம் மாடி ஜன்னல் மூடியிருக்கும். நான் கீழே நின்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த மாடிக்கு ஏறிவிடுவேன்."

மூன்றாம் மாடி இல்லாவிட்டால் அந்தக் கட்டடம் நிற்காது என்பது அந்த அறையில் இருந்த மூவருக்கும் தெரியும். சனிக்கிழமை அரங்கு மறுபடி கிடைக்காது என்பதும் தெரியும். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

மனைவி தேநீரைக் குடித்து முடித்தாள். பிறகு ஆங்கிலத்தில் கேட்டாள்: "என்னை வாசிக்கச் சொல்லி நீங்கள் ஏன் கேட்கவில்லை?"

"அத்தையையும் யாரும் கேட்கவில்லை" என்றார் அவர்.

திரும்பி வரும் வழியில், வாசிப்பாயா என்று நானும் கேட்கவில்லை. அவளிடம் ஒன்றைக் கேட்க ஒரு நேரம் இருக்கிறது, அந்த நேரம் அது அல்ல.

இப்படித்தான் சனிக்கிழமை வந்தது. நான் கடையால் வந்து முருங்கைக்காயை வைத்துவிட்டு நிமிர, அண்ணை வந்துவிட்டார். உள்ளே வந்து இருந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார். நித்திரை இல்லாத முகம். ஒரு வாரமாக அவர் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை என்று அவர் மனைவி சொல்லியிருந்தா.

"பிள்ளை, இண்டைக்கு எங்கையோ கச்சேரியாம்."

"ஓம் அண்ணை."

"ஆர் சொன்னது எண்டு கேக்கமாட்டியே?"

"இந்த ஊரிலை சொல்லுறதுக்கோ ஆளில்லை."

அவர் லேசாகச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் தடுக்க வரேல்லை. உன்ரை வில்லை முறிச்சுப் போடவும் வரேல்லை. நாளைக்கு அஞ்சலிக்கு வந்து வாசி. சோகமா ஒரு பத்து நிமிசம். ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம். சனம் ஒருக்கா அழுது முடிக்கட்டும். இண்டைக்குப் போய் அரபிக்காரரோடை இருந்து கும்மாளமா வாசிச்சாய் எண்டால் நாளைக்கு நான் எந்த முகத்தோடை மேடையிலை நிக்கிறது? உன்ரை தம்பியின்ரை படமும் அங்கை இருக்கும், பிள்ளை."

"அவனை ஆர் கண்டது, அண்ணை?"

"என்ன?"

"செத்ததை. ஆர் கண்டது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"எல்லாற்றை சாவையும் ஆரும் கண்டதே, பிள்ளை?" என்றார். "என்ரை தங்கச்சியின்ரை பிள்ளையள் ரெண்டு பேரையும் ஆர் கண்டது? ஆரோ ஒருத்தன் பங்கர்க் குழிக்குள்ளை கண்டனெண்டு சொன்னான். அவ்வளவுதான். நானும் மாலை போட்டிட்டன்."

"உங்களுக்கு அந்த ஒருத்தன் எண்டாலும் சொன்னான்." அவள் குரல் உயரவில்லை. "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. ஒருத்தரும் சொல்லாமல் நான் எப்பிடித் துடக்குக் காக்கிறது? இண்டைக்கு நான் வாசிக்காட்டில், அவன் செத்திட்டான் எண்டு முதல் முதல் சொன்ன ஆள் நானாப் போயிடுவன். வேறை ஆரும் சொல்லட்டும் அண்ணை. நான் சொல்லமாட்டன்."

நான் அந்தக் கணம்வரை அதை அப்படி நினைத்துப் பார்க்கவில்லை. வாசிப்பதா, அழுவதா என்றுதான் எண்ணியிருந்தேன். அவளுக்கு முன்னால் இருந்தது வேறு கேள்வி. ஒரு வயலினைப் பெட்டிக்குள் விட்டு வைப்பது ஓர் ஆளைப் புதைப்பதாகிவிடுமா என்ற கேள்வி.

அண்ணை கடைசியில் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீர் என்ன சொல்லுறீர்?"

"கார் கழுவி வைச்சிருக்கிறன், அண்ணை."

"உமக்குக் கார் ஒண்டுதான்" என்று சொல்லி எழுந்தார். வாசலில் சப்பாத்தைப் போடும்போது மனைவி அவர் விழாமல் கையைப் பிடித்தாள். கோபம் இருந்தது, ஆனால் அந்தக் கையை அவர் உதறவில்லை.

மனைவி குளித்து, அரக்குச் சிவப்புக் காஞ்சிபுரம் உடுத்து, பெரிய பொட்டு வைத்து வந்தாள். அந்த வாரம் எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் உடுத்தாத நிறம். எதிர்வீட்டு அன்ரி குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்தபடி பார்த்தா. மனைவி அவவுக்குத் தலையசைத்துவிட்டுக் காரில் ஏறினாள்.

டான்ஃபோர்த்துக்குக் கிட்ட, முன்பு தேவாலயமாக இருந்த சின்ன அரங்கு. இருக்கைகள் நிறைந்திருந்தன. எகிப்தியக் குடும்பங்கள், அவர் பெயர்ப்பலகை எழுதிக் கொடுத்த கடைக்காரர்கள், சில வெள்ளைக்காரர். தமிழர் நான் ஒருவன். மூன்றாவது வரிசையில் ஓரமாக இருந்தேன்.

அவர் மேடையில் திருகியோடு வந்து ஒரு பழைய எரிவாயு உருளையில் தட்டித் தொடங்கினார். அவரே ஒரு மாடிப்படியை மேடையில் ஏறிக் காட்டினார், படி இல்லாமலே. ஊத்தில் தையல் இயந்திரம் ஓடியது, சண்டைக்காரச் சகோதரர்கள் இரண்டு குரலில் கத்தினார்கள். நடுநடுவே கவிதை வரிகளைச் சொன்னார். அரபு எனக்குத் தெரியாது. ஆனால் களஞ்சியத்து ஏணியில் நான் கேட்ட மூச்சு அதுதான். எந்தக் கலையில் இவர் இருக்கிறார் என்ற கேள்வி அன்று எனக்கு விட்டுப்போயிற்று. ஒரு கட்டடத்தில் ஏறுகிறவரிடம் எந்த மாடியில் வசிக்கிறீர் என்று கேட்டால் என்ன சொல்வார்?

பிறகு மேலே விளக்குச் சட்டத்திலிருந்து ஒரு கூடை கயிற்றில் இறங்கி வந்தது. அவர் இரண்டு ரொட்டிகளை வைத்தார். கூடை மேலேறியது. மேடையின் இடது பக்கம் வெளிச்சம் வந்தது. பாயில் என் மனைவி இருந்தாள்.

அவள் தொடங்கினாள். சந்தோஷமான இசை. அப்படியே சொல்ல வேண்டும், வேறு சொல் இல்லை. வில் துள்ளியது. விரல்கள் சறுக்கிப் போய் அரபுச் சுரங்களின் நடுவிலும் எங்கள் சுரங்களின் நடுவிலும் நின்று திரும்பின. அவர் பெரிய தூரிகையை எடுத்துப் பின்னால் தொங்கிய வெள்ளைத் துணியில் அரபு வரியை எழுதினார். அதன்கீழ் தமிழில் 'ச' எழுதினார். 'ரி' எழுதினார். மேல்வளைவு சரியாக வந்தது.

ஒத்திகையில் அந்த இடம் வந்ததும் அவர் தூரிகையை வைத்துவிட்டு ஊத்தை எடுப்பார். அன்று எடுக்கவில்லை. துணியைப் பார்த்தபடி அப்படியே நின்றார். தூரிகையிலிருந்து மை சொட்டியது. ஏதோ பிசகிவிட்டது என்று நினைத்தேன். மனைவி ஒருமுறை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, நிறுத்தாமல், இரண்டாம் சுற்றைத் தொடங்கினாள். அது ஒத்திகையில் இல்லாதது. அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஒரு தில்லானாவின் நடை. அரங்கின் நடுவில் இருந்த ஒரு வயதான எகிப்தியப் பெண் கை தட்டித் தாளம் போடத் தொடங்கினார். பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்தார்கள். பிறகு அரங்கு முழுக்க. எங்கள் தாளம் அது, யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. என் மனைவி ஒரு சந்தோஷமான வானொலியாக, தெருமுனை வரை கேட்கும்படி வாசித்தாள்.

எனக்குக் கண் கலங்கவில்லை. முதுகு நிமிர்ந்தது. பக்கத்தில் இருந்த ஆள் ஒரு கடைக்காரர். அவரிடம் நான், கேட்காமலே, "என் மனைவி" என்றேன். என் வாழ்நாளில் முன்பின் தெரியாத ஒருவரிடம் நானாகப் பேசியது அபூர்வம்.

முடிந்ததும் அவர் அவளை முன்னால் அழைத்து வந்து, பெயர் சொல்லாமல், "மூன்றாம் மாடி" என்று மட்டும் சொன்னார். சனம் எழுந்து நின்றது.

வெளிமண்டபத்தில் அவருடைய நண்பர்கள் சின்னக் கிண்ணங்களில் சிவப்புச் சர்பத் ஊற்றிக் கொடுத்தார்கள். மனைவி ஒன்றை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். நான் அவரிடம், ஏன் ஊத்தை எடுக்கவில்லை, மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"வானொலி போகும்போது யாராவது குறுக்கே பாடுவார்களா, பிறதர்?" என்றார். அவருடைய சட்டைக் கையெல்லாம் மை. அந்தக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டார். என் வெள்ளைச் சட்டையில் பட்ட கறை போகவில்லை. நான் அதைப் போக்கவும் பெரிதாக முயலவில்லை.

அடுத்த நாள் காலை நான் எழுந்து தேநீருக்குக் கேத்தலை எடுத்தபோது மனைவி வெளியே போக வெளிக்கிட்டு நின்றாள்.

"தேத்தண்ணி பிறகு. முதல் அண்ணை வீட்டை போவம்."

அண்ணை இடுப்பில் கட்டிய சாரத்தோடு வந்து கதவைத் திறந்தார். வரவேற்பறைச் சுவரோடு படங்களைச் சாத்தி வைத்திருந்தார், மண்டபத்துக்குக் கொண்டுபோக ஆயத்தமாக. எல்லாவற்றுக்கும் மாலை. அவருடைய தங்கச்சியின் பிள்ளைகள் இரண்டு பேரும் முன்னால். கொஞ்சம் தள்ளித் தம்பி, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, பள்ளிக்கூட விழாவொன்றில் எடுத்த படம்.

மனைவி இருக்கவில்லை. "அண்ணை, நான் வாசிச்சனான். சந்தோசமாத்தான் வாசிச்சனான். மற்றாக்கள் வந்து சொல்ல முதல் நான் சொல்லோணும் எண்டு வந்தனான்."

அவர் சுவரோடு இருந்த படங்கள் பக்கம் திரும்பினார்.

"தம்பியைக் கூட்டிக்கொண்டு போகப்போறன்" என்றாள்.

அண்ணை குனிந்தார். அந்தப் படத்தைத் தூக்கி, மாலையைத் தானே கழற்றி, தோளில் கிடந்த துவாயால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். பிறகு அவளிடம் கொடுத்தார்.

"பின்னேரம் வருவியே, பிள்ளை? வாசிக்க வேண்டாம். வந்து இரு."

"வருவன் அண்ணை. உங்கட தங்கச்சியின்ரை பிள்ளையளுக்கு வருவன்."

நான் காரின் பின்கதவைத் திறந்துவிட்டேன். அவள் படத்தை இருக்கையில் முகம் முன்னே பார்க்க நிமிர்த்தி வைத்தாள். பெல்ற்றை இழுத்து, சட்டத்துக்குக் குறுக்கே கொண்டுவந்து மாட்டினாள். அது பூட்டிய சத்தம் கேட்ட பிறகுதான் நான் காரை எடுத்தேன்.